ஆறாவது எங்கே படித்தாய்? கொருக்குப்பேட்டை மாணவி ஒருத்தி கல்லூரிக்குப் போன இரண்டு ஆண்டுகள் – நிகழ்வு ஆய்வு

2024 மே 6ஆம் தேதி பிளஸ் டூ முடிவு வந்தது. இரண்டு நாள் கழித்து எங்கள் பள்ளி ஹைடெக் லேப்பில் உட்கார்ந்து பொறியியல் கலந்தாய்வுக்கு ஒவ்வொருவருக்காக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தோம். அன்று மதியம் நான் இங்கே சொல்லப்போகும் மாணவியின் முறை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்கும் இடம் வந்தது. பன்னிரண்டு, பதினொன்று, பத்து, ஒன்பது எல்லாம் எங்கள் பள்ளி. "எட்டாவது?" என்றேன். அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியின் பெயரைச் சொன்னாள். நான் தட்டிக்கொண்டே, "அது கார்ப்பரேஷன் ஸ்கூல்தானே?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ், எய்டட்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் மிஸ், அங்கயும் ஃபீஸ் கிடையாது, சத்துணவு எல்லாம் உண்டு" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் அந்தக் கணக்கில் வரும், எய்டட் என்கிற அரசு உதவி பெறும் பள்ளி வராது. மருத்துவத்துக்கு 2020இல் வந்த ஒதுக்கீடு இது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. இதில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஏறக்குறைய ஒரு வருடமாக அந்தக் குடும்பம் போட்டு வைத்திருந்த கணக்கு முழுவதும் இந்த ஒதுக்கீட்டின் மேல்தான் நின்றது. அந்தக் கணக்கை அவர்களுக்குப் போட்டுக் கொடுத்தவள் நான்.

நான் வடசென்னையில் ஒரு அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. உயர்கல்வி வழிகாட்டி பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. மாணவியிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள். அவள் உழைப்பில் குறை இல்லை. அந்த இரண்டு ஆண்டில் நாங்கள் தவறவிட்டவை எல்லாம் மதிப்பெண் பட்டியலுக்கு வெளியே இருந்தன. அவற்றைத்தான் இங்கே விவரமாகச் சொல்லப் போகிறேன்.

வீடும் கடையும்

கொருக்குப்பேட்டையில் ஒற்றை அறையும் சின்ன சமையற்கட்டும் கொண்ட வாடகை வீடு. அப்பா குட்டி யானை ஓட்டுகிறார், வண்டிக்கு மாதத் தவணை போகிறது. அம்மா காலையில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போடுகிறார். தம்பி அப்போது ஆறாம் வகுப்பு. வீட்டில் கல்லூரிப் படியேறியவர் யாரும் இல்லை.

இவள் நாலரை மணிக்கு எழுந்து சட்னிக்குத் தேங்காய் துருவி, கடையை எடுத்து வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். வாரத்தில் ஒரு நாளாவது முதல் பீரியட் தவறும். கடைக்கு என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் கிழமைகள், கீழே அன்றன்றைக்கு எத்தனை இட்லி போனது, எத்தனை மிஞ்சியது என்று பென்சிலில் எழுதிய எண்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக ஒரு வட்டம், அமாவாசைக்கு ஒரு புள்ளி, மழை பெய்த நாளுக்குச் சாய்ந்த கோடு. முதல் நாள் மதியம் எவ்வளவு அரிசி ஊற வைப்பது என்பதை அம்மா அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். மாவு கூடிப்போனால் மறுநாள் புளித்துவிடும். குறைந்தால் எட்டு மணிக்கே கடை காலி, வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.

பிளஸ் ஒன் படிக்கும்போதே அந்த நோட்டை ஒருமுறை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு நோட்டோடு தவறிக் கலந்து வந்திருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான். அது என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

குரூப் எடுத்த நாள்

பத்தாம் வகுப்பு முடிவு 2022 ஜூன் 20இல் வந்தது. கொரோனா காலம் முழுக்க வீட்டில் இருந்துவிட்டு, ஒரே ஒரு ஆண்டு வகுப்பறையில் உட்கார்ந்து பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகள் அவர்கள். இவள் ஒன்பதாம் வகுப்புக்கு எங்கள் பள்ளியில் சேர்ந்ததும் அந்தப் பொதுமுடக்க ஆண்டில்தான். நடுநிலைப் பள்ளி எட்டாவதோடு முடிந்துவிடும், அதற்கு மேல் படிக்க எங்கள் பள்ளிக்குத்தான் வர வேண்டும். எங்கள் பகுதியில் நிறையப் பெண்கள் இப்படித்தான் வருகிறார்கள்.

கணினி அறிவியலும் கணக்கும் உள்ள குரூப் எடுத்தாள். யார் முடிவு என்று பின்னால் கேட்டபோது, மாடி வீட்டு அண்ணன் சொன்னார் என்றாள். கம்ப்யூட்டர் படித்தால் ஐ.டி. வேலை, ஐ.டி. வேலை என்றால் பழைய மகாபலிபுரம் சாலை, மாதச் சம்பளம். வீட்டில் எல்லோருக்கும் அது பிடித்துப் போயிற்று. குரூப் எடுக்கும்போதே எந்தெந்தக் கதவு மூடுகிறது, எது திறந்திருக்கிறது என்று பெற்றோரை உட்கார வைத்துச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். நாங்கள் சேர்க்கைப் படிவத்தில் ஒரு டிக் அடித்து அனுப்பிவிட்டோம். நல்ல வேளையாக அவள் எடுத்த குரூப்பில் கணக்கு இருந்தது. அந்த ஒரு பாடம்தான் பின்னால் எல்லாவற்றையும் காப்பாற்றியது.

பிளஸ் ஒன்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொறியியல் தரவரிசைக்கான கட் ஆஃபுக்குச் சேராத மதிப்பெண் என்று பல வீடுகளில் அந்த ஆண்டைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தாண்டிப் போகின்றன என்பதால்தான் 2017-18இல் அதற்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள். இவள் கணக்கில் 58 எடுத்தாள். வகைக்கெழுவில் அடிப்படை சரியாக நிற்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கப் பிளஸ் டூவில் எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது.

கட் ஆஃப் கணக்கு

தமிழ்நாட்டில் 2007-08 முதல் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. கணக்கில் எடுத்தது அப்படியே 100க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாகச் சுருங்கி ஐம்பது ஐம்பதுக்கு, ஆக 200. இதை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அதை வைத்துத் தங்கள் நேரத்தைப் பிரித்துக்கொள்வது மிகச் சிலர்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. அவர்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மூன்று நாள் கழித்து அம்மாவைப் பார்த்தபோது முதலில் கேட்டது சான்றிதழ்களைப் பற்றித்தான். "அரிசி டிரம்முல போட்டு மூடி பரண்ல ஏத்திட்டேன் டீச்சர், அரிசிதான் போச்சு" என்றார். அரிசியைக் கொட்டிவிட்டு மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை அந்த டிரம்மில் வைத்திருக்கிறார். இன்றைக்கும் எந்தப் பெற்றோராவது படிப்பில் அக்கறை இல்லாதவர் என்று ஆசிரியர் அறையில் யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு அந்த டிரம் நினைவுக்கு வரும்.

பிறகு நடந்த அரையாண்டில் கணக்கு 64, இயற்பியல் 51, வேதியியல் 60. கட் ஆஃப் 119.5. இயற்பியல்தான் மோசம் என்று இரவெல்லாம் அதையே கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தாளில் போட்டுக் காட்டினேன்: இயற்பியலில் பத்து மதிப்பெண் கூடினால் கட் ஆஃபில் ஐந்துதான் ஏறும், கணக்கில் பத்து கூடினால் பத்தும் ஏறும். அதனால் மாலை இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி கணக்குக்கு. இருபது ஒரு மதிப்பெண் கேள்விகள், அப்புறம் ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஏழு. இந்த இரண்டையும் பிடித்தாலே 90இல் 55 வந்துவிடும். இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70தான். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த முப்பதில் ஒன்றையும் விடாதே என்றேன். அகமதிப்பீட்டில் வருகைக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் முதல் பீரியட் தவறுவதைப் பற்றி அம்மாவிடம் பேசினேன். ஜனவரி முதல் தேங்காய் துருவும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார்.

மார்ச்சில் பொதுத்தேர்வு. கணக்கு 81, இயற்பியல் 72, வேதியியல் 79, கணினி அறிவியல் 88. இயற்பியலில் 30க்கு 30, எழுத்தில் 42. கட் ஆஃப் 156.5. மூன்று மாதத்தில் 37 ஏறியிருந்தது.

அப்படியே நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும். பிப்ரவரியில் நிகழ்தகவு பரவல்கள் பாடம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கணித எதிர்பார்ப்பு கண்டுபிடிக்கும் கணக்கு. இவள் எழுந்து, "மிஸ், அம்மா கடைக்கு எவ்ளோ அரிசி ஊற வைக்கணும்னு இத வச்சுப் போடலாமா?" என்று கேட்டாள். பரீட்சைக்கு இருபது நாள்தான் இருந்தது. "அது கேள்வியில வராதும்மா, அடுத்த கணக்கைப் பாரு" என்று சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருடம் பாடம் எடுத்தவள். ஒரு பிள்ளை தனக்கான பாடத்தைத் தானே கண்டுபிடித்து என் முன்னால் வைத்தபோது எனக்கு அது தெரியவில்லை.

தாள்கள்

சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. இ-சேவை மையத்தில் ஒன்றுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். இதையெல்லாம் பிளஸ் டூ காலாண்டு விடுமுறையில் முடித்துவிடுங்கள் என்று வகுப்பில் சொல்லி, முடித்தவர் பெயரைப் பலகையில் எழுதி வந்தோம். மே மாதத்தில் போனால் மையத்தில் நிற்கவே இடம் இருக்காது.

இவர்கள் ஒருமுறை திரும்பி வந்தார்கள். நானும் அடுத்த சனிக்கிழமை கூடப் போனேன். மேசை மேல் மூன்று தாளை வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், மதிப்பெண் சான்றிதழில் முன்னால். அது பரவாயில்லை. ஆனால் அப்பா பெயரில் ஆங்கில எழுத்து ஹெச் ரேஷன் கார்டில் இருக்கிறது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காகத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்றதையெல்லாம் திருத்திக்கொள்வதுதான் சுலபம், ஏனென்றால் மேற்கொண்டு எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள். ரேஷன் கார்டைத் திருத்தி, மறுபடி விண்ணப்பித்து, நவம்பரில் நான்கும் கைக்கு வந்தன. முதல் பட்டதாரிச் சலுகை ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். தம்பிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்தார். அம்மாதான், "முதல்ல படிக்கிறது இவதானே" என்று முடித்து வைத்தார்.

இத்தனை தாளைச் சரிபார்த்த நான், அவளுடைய எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழை மட்டும் எடுத்துப் பார்க்கவில்லை. அது எங்கள் பள்ளி பீரோவிலேயே இருந்தது. நாலு வருடமாக எங்கள் வகுப்பில் இருக்கிறாள், கட்டணம் இல்லாத பள்ளியிலிருந்து வந்தவள், அதனால் 7.5 உண்டு என்று 2023 ஜூலையில் பட்டியலில் பெயரை எழுதிவிட்டேன். பிறகு தேடியபோது அதே வகுப்பில் இன்னும் மூன்று பேர் இதே நிலையில் இருந்தார்கள்.

மே, ஜூன்

லேப்பில் அது தெரிந்த அன்று மாலையே அவள் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். மாவாட்டிக்கொண்டிருந்தார். கிரைண்டரை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. "அப்போ என் பொண்ணு இன்ஜினியர் ஆவ முடியாதா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். ஆகலாம், பொதுப் பட்டியலில் இடம் கிடைக்கும், ஆனால் பணம் கட்ட வேண்டியிருக்கும் என்றேன். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு 50,000 முதல் 55,000 ரூபாய் படிப்புக் கட்டணம். முதல் பட்டதாரிச் சலுகை அதில் ஒரு பகுதியைக் குறைக்கும். கல்லூரிகள் பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே, பேருந்துக் கட்டணம் தனி. வங்கியில் ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கல்விக் கடன் உண்டு என்றும் சொன்னேன். அப்பா வண்டித் தவணைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

நாங்கள் சரியாகச் செய்திருந்த ஒரே காரியம் இப்போது உதவிக்கு வந்தது. எந்த நம்பிக்கை இருந்தாலும், எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும், எல்லோரும் அரசுக் கலை அறிவியல் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட வேண்டும் என்பது எங்கள் வகுப்பில் கட்டாயம். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 2 ரூபாய் மட்டும். மே மாதத்திலேயே கடைசித் தேதி வந்துவிடும். பொறியியல் தரவரிசை வரும்வரை காத்திருக்கிறேன் என்று நினைக்கிறவர்களுக்கு ஜூலையில் இந்தக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும்.

படிவத்தில் பாடம் கேட்டது. அவளைப் பார்த்தேன். பிப்ரவரியில் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. "அந்தக் கடை நோட்டு இன்னும் வச்சிருக்கியா?" என்றேன். மறுநாள் எடுத்து வந்தாள். மொத்தம் மூன்று நோட்டு, இரண்டரை வருடக் கணக்கு. மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் என்று ஒரு பாடம் இருக்கிறது, அது முழுக்க இதுதான் என்று சொன்னேன். அப்படி ஒரு படிப்பு இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. முதல் விருப்பம் அது. இரண்டாவது, வீட்டுக்குப் பக்கமான பாரதி மகளிர் கல்லூரியில் கணிதம். மூன்றாவது ராணி மேரிக் கல்லூரி.

இங்கே இன்னொரு விஷயமும் பிடிபட்டது. கலைக் கல்லூரிக்கு 200 கணக்கு கிடையாது. மொழிப்பாடம் தவிர நான்கு பாடங்களும் சமமாக 400க்கு. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண். இவளுக்கு 320. கட் ஆஃபில் சேராது என்று ஜனவரியில் நான் ஓரங்கட்டச் சொன்ன கணினி அறிவியலில்தான் அவள் அதிகமாக 88 எடுத்திருந்தாள். ஒரு கதவை மட்டும் மனதில் வைத்து நான் நேரம் பிரித்துக் கொடுத்திருந்தேன். இயற்பியலில் இன்னும் கொஞ்சம் உட்கார விட்டிருந்தால் இந்தப் பட்டியலில் அதுவும் முழு மதிப்பெண்ணாகவே சேர்ந்திருக்கும்.

ஜூன் இரண்டாவது வாரம் கலந்தாய்வுக்கு மாநிலக் கல்லூரிக்குக் கூப்பிட்டார்கள். 1840இல் தொடங்கிய கல்லூரி, எதிரே மெரினா. அம்மா அன்று கடை போடவில்லை. அந்தச் சிவப்புக் கட்டடத்தை எத்தனையோ முறை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாராம், அது கல்லூரி என்று அன்றுதான் தெரியும் என்றார். புள்ளியியலில் இடம் கிடைத்தது. அங்கேதான் அடுத்த சிக்கல்: சேர்வதானால் அசல் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துவிட வேண்டும். பொறியியல் தரவரிசையே ஜூலையில்தான். இதைக் கொடுத்துவிட்டால் அது போய்விடுமோ என்று பயந்துதான் பல வீடுகளில் கையில் கிடைத்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். சேர்ந்துவிடுங்கள் என்று சொன்னேன். பொறியியலில் நல்ல இடம் வந்தால் எழுதிக் கொடுத்துச் சான்றிதழைத் திரும்ப வாங்கலாம். எதிலும் சேராமல் ஆகஸ்ட்டில் வெறுங்கையோடு நிற்பதுதான் ஆபத்து. எல்லாவற்றையும் பத்துப் பிரதி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு சேர்த்துவிட்டு வந்தார்கள்.

ஆகஸ்ட்

கல்லூரி ஜூலை முதல் வாரம் திறந்தது. தமிழ் வழியில் படித்தவள், அங்கே வகுப்பு ஆங்கிலத்தில். இதைப் பிளஸ் டூவிலேயே தொடங்கியிருக்க வேண்டும். மே கடைசியில் தொடங்கியதே பெரிது. ஒரு நோட்டை நடுவில் மடித்து, இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம். நிகழ்தகவு – ப்ராபபிலிட்டி. திட்ட விலக்கம் – ஸ்டாண்டர்டு டீவியேஷன். தொகையிடல் – இன்டக்ரேஷன். அணி – மேட்ரிக்ஸ். பொருள் தெரிந்த சொல்லுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு நாளைக்குப் பத்துச் சொல். ஜூலையில் அவள் கையில் நானூறுக்கு மேல் இருந்தது. முதல் வாரம் வகுப்பில் பக்கத்துப் பெண்கள் அந்த நோட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டார்களாம்.

போக்குவரத்து எங்களுக்குக் கணக்கில் வராத தலைவலி. கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயிலில் போகலாம் என்று நினைத்திருந்தோம். நான்காவது பாதை வேலைக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே 2023 ஆகஸ்டிலிருந்தே அப்போது ரயில் ஓடவில்லை. மெட்ரோ தினமும் கட்டுப்படியாகாது. கட்டணமில்லா மகளிர் பேருந்தில் பாரிமுனை போய், அங்கே மாறிக் காமராசர் சாலை. கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலைக் கடை வேலையிலிருந்து அவள் முழுவதுமாக விலகியது அப்போதுதான். அம்மா ஒரு ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் பொறியியல் இரண்டாம் சுற்று. 156.5க்கு முந்தைய ஆண்டில் எந்தெந்தக் கல்லூரி கிடைத்தது என்று பார்த்து ஐந்தாறு பெயர் எழுதிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கக்கூடிய கல்லூரிகள் இருந்தன. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்று அப்பாவே சொன்னார். நான் கட்டணத்தையும் தூரத்தையும் படித்துக்கொண்டே போனேன். அவள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில்தான் அவளிடம் கேட்டேன், உனக்கு என்ன தோன்றுகிறது என்று.

"இங்கயே படிக்கிறேன் மிஸ். கம்ப்யூட்டர் வேணும்னு நான் எப்பவும் சொல்லலியே. நீங்க எல்லாரும் சொன்னீங்க."

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மாவுக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. இரண்டு வருடமாகத் தெருவில் எல்லோரிடமும் இன்ஜினியர் என்று சொல்லிவிட்டார். "இது முடிச்சா அப்புறம் என்ன டீச்சர் இருக்கு?" என்றார். எம்.எஸ்சி. இருக்கிறது, டான்செட் நுழைவுத்தேர்வு எழுதி எம்.சி.ஏ. போகலாம், அரசுப் பணித் தேர்வுகளில் புள்ளியியல் படித்தவர்களுக்கென்றே பணியிடங்கள் உண்டு, மத்தியில் இந்தியப் புள்ளியியல் பணிக்குத் தனித் தேர்வு இருக்கிறது என்றேன். அவ்வளவுக்கும் ஆசை விடவில்லை என்றால், பிளஸ் டூவில் கணக்குப் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. அந்தக் கடைசி வாக்கியத்தை அம்மா என்னை இரண்டு தரம் சொல்ல வைத்தார். விருப்பப் பட்டியல் போடவில்லை.

புதுமைப்பெண் திட்டத்திலும் அதே ஆறாம் வகுப்பு வந்து நின்றது. உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் இந்தத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே. கல்லூரி வகுப்பில் பாதிப் பேர் படிவம் நிரப்பியபோது இவள் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். 2024 டிசம்பர் கடைசியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. இந்த முறை நான் எட்டாம் வகுப்புச் சான்றின் நகலைத் தயாராக எடுத்து வைத்திருந்தேன். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை, இணைத்தோம். முதல் 1,000 ரூபாயில் அவள் ஒரு அறிவியல் கால்குலேட்டர் வாங்கினாள்.

பள்ளியில் மாற்றியவை

பிளஸ் டூவில் செய்துகொண்டிருந்த வேலைகளில் பாதியைப் பிளஸ் ஒன் சேர்க்கை நாளுக்கு நகர்த்திவிட்டோம். ஆறு முதல் எட்டு வரை எந்தப் பள்ளி, அது அரசா, உதவி பெறுவதா, தனியாரா, தனியார் என்றால் கல்வி உரிமைச் சட்ட இடத்தில் படித்ததா என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறோம். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு 7.5 உண்டு. அது தெரியாமல் விட்டவர்களும் இருந்திருப்பார்கள். கட் ஆஃப் 200, மொத்தம் 400 இரண்டையும் ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் தருகிறோம். ஆங்கிலச் சொல் நோட்டு பிளஸ் ஒன் காலாண்டிலிருந்து தொடங்குகிறது, அவள் நோட்டின் ஜெராக்ஸ்தான் மாதிரி.

இன்னொரு கேள்வியும் அந்தப் படிவத்தில் சேர்த்திருக்கிறேன்: பள்ளிக்கு வெளியே நீ தினமும் என்ன வேலை செய்கிறாய்? தலைமை ஆசிரியை அது எதற்கு என்று கேட்டார். கடை நோட்டைப் பற்றிச் சொன்னேன். சரி, இருக்கட்டும் என்றார்.

2025 ஜூனில் சேர்க்கைக்கு வந்த ஒரு பெண், அந்தக் கேள்விக்கு நேராக, காசிமேட்டில் அப்பாவின் படகுக்கு டீசல் கணக்கும் ஐஸ் கணக்கும் எழுதுவது என்று எழுதியிருந்தாள். பேனாவை மூடிவிட்டு அவளை உட்காரச் சொன்னேன். "எப்படி எழுதுவ, எனக்குக் காட்டும்மா" என்றேன்.